பெர்சோன் என்றால் யார்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "உங்க சாதனை ஏதாச்சும் இருந்தா எழுதுங்க மேடம்" என்றார். இருக்கிறது, இல்லாமல் என்ன. ஆனால் அடுத்தவர் சாதனையைப் படித்து உருப்பட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால் நான் முட்டாளான கதையைச் சொல்கிறேன். முப்பது வருட வேலையில் முட்டாளானது பல தடவை. மற்றதெல்லாம் சில்லறை. இந்த ஒன்றில் மட்டும் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அது தப்பியதும் அவருடைய வேலை போகப் பார்த்தது.

'துபாஷி' என்ற கருவியை நீங்கள் இன்றும் பயன்படுத்துகிறீர்கள். திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதை எழுதிய மகராசி நான்தான்.

அது எதற்கு என்று இன்னும் புரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்று இருக்கிறது. நம்முடைய புதிய நிரல் பைத்தானில். இரண்டுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் பழைய நிரல் செய்யும் ஒவ்வொரு தனி வேலைக்கும், அதாவது ஃபங்ஷனுக்கும், ஒரு சின்ன உறை எழுத வேண்டும். இந்தப் பக்கத்துக் கேள்வியை அந்தப் பக்கத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்து, பதிலை வாங்கி, திரும்ப இந்தப் பக்கத்துக்குப் புரியும்படி தருவது அதன் வேலை. அதைத்தான் பைண்டிங் என்கிறோம். பத்து ஃபங்ஷன் என்றால் கையால் எழுதலாம். அறுநூறு என்றால் கை ஒடிந்துவிடும். பழைய நிரலின் ஃபங்ஷன் பட்டியலான ஹெடர் ஃபைலைப் படித்து, அத்தனை உறைகளையும் தானே எழுதித் தள்ளும் நிரல்தான் துபாஷி. ஒரு காலத்தில் இந்த ஊரில் பிரெஞ்சுக்காரனுக்கும் நம் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுத்தவரைத் துபாஷி என்பார்கள். பெயரை நான்தான் வைத்தேன். வைத்த அன்று எனக்கு ரொம்பப் பெருமை. நடுவில் நிற்கும் ஆள் தப்பாகச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பிரெஞ்சு. பள்ளியில் ஒரு சிஸ்டர் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தார். வினைச்சொற்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பந்தா. கடற்கரைச் சாலையில் யாராவது வெள்ளைக்காரர்கள் வழி கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்வேன். அவர்கள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்ப்பார்கள், பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். "நீ சொன்ன பக்கமா போறாங்க, பாரு" என்பார் என் கணவர். எதிர்ப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருப்பார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சேதராப்பட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கே பிரான்சிலிருந்து கைமாறி வந்த பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. கம்பிக் கூண்டுக்குள் ஓர் இரும்புக் கை. ஒரு பக்கம் பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி, மறுபக்கம் மரப்பலகை மேல் வரிசையாக அடுக்கும். அதை இயக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் செத்துப்போனது. சி மொழியில் எழுதியிருந்த நிரலின் மூலப் பிரதி மட்டும் பத்திரமாக இருந்தது. அதைப் புதிய கம்ப்யூட்டரில் பைத்தானோடு இணைத்துத் தர வேண்டும் என்பதுதான் வேலை.

அந்த இயந்திரத்தை ஓட்டியவர் பெயர் செல்வி. நாற்பது வயதிருக்கும். வீடு நெல்லித்தோப்பில். அப்பா பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடியதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு வேலை, வருடத்துக்கொரு வேலை. செல்வியும் வீட்டு வேலை, கடை வேலை என்று சுற்றிவிட்டு இங்கே வந்தவர். "இது ஒண்ணுதான் மேடம் எனக்கு பர்மனென்ட்டா கெடச்சது" என்று முதல் நாளே சொன்னார். பெட்டி எங்காவது சிக்கிக்கொண்டால் கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் எடுத்துவிடுவது அவருடைய வேலை. உள்ளே ஆள் இருக்கும்போது கை அசையக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள மேலே ஒரு சென்சார் மட்டும்தான் இருந்தது; கதவு திறந்திருந்தாலும் கை நிற்காது.

நிரலைத் திறந்து பார்த்தேன். அறுநூறு ஃபங்ஷன், எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுப் பெயர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. துபாஷி உறை எழுதும்போதே பெயரையும் ஆங்கிலமாக மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. உட்கார்ந்து ஒரு சொற்பட்டியல் தயார் செய்தேன். இந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு இந்த ஆங்கிலச் சொல். அகராதியைத் தொடவே இல்லை. என்னிடம் போய் அகராதியா. 'பெர்சோன்' என்ற சொல் வந்தது. பக்கத்தில் 'பெர்சன்' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அரை நொடிகூட ஆகியிருக்காது.

அதோடு விடவில்லை. ஹெடர் ஃபைலில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே, எழுதிய மனிதர் இரண்டு மூன்று வரி விளக்கம் எழுதி வைத்திருந்தார். உறை எழுத அது தேவையில்லை, சும்மா இடத்தை அடைக்கிறது என்று, குறிப்புகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிடும்படி துபாஷிக்குச் சொல்லி வைத்திருந்தேன். உறைகளைச் சோதிக்கும் சோதனைகளையும் துபாஷியே அதே சொற்பட்டியலை வைத்து எழுதியது. ஓடவிட்டால் ஒன்று விடாமல் எல்லாம் பாஸ். என் விடைத்தாளை நானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன். எங்கள் முதலாளி ஜாங்கிரி வாங்கி வந்தார், நான் இரண்டு தின்றேன்.

தொழிற்சாலையில் முதல் ஓட்டம். கூண்டில் யாரும் இல்லை. இயந்திரத்தை ஓடவிட்டேன். கை அசைய மாட்டேன் என்றது. திரையில் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று வந்தது. ஆளே இல்லை. சரி, ஆளை வைத்தே பார்ப்போம் என்று, ஆளுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். வெளியே வந்து இயந்திரத்தை ஓடவிட்டதும் கை ஜம்மென்று புறப்பட்டு வந்து நாற்காலியைத் தட்டி நசுக்கியது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர் என்ன செய்வார்? இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய இயந்திரம் எங்கள் நிரலைப் போட்டதும் தலைகீழாக நடக்கிறதே, நிரலைப் பார்ப்போம் என்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சோதனையெல்லாம் பாஸ், எனவே நிரல் சரி, எனவே கம்பியை மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அந்தோணியைக் கூப்பிட்டேன். சென்சாரில் இரண்டு முனை உண்டு. ஒன்றில் கூண்டு காலியாக இருக்கும்போது கரண்ட் வரும், மற்றதில் ஆள் இருக்கும்போது வரும். முதல் முனையில் மாட்டியிருந்த கம்பியை எடுத்து இரண்டாவதில் மாட்டும்படி சொன்னேன். அந்தோணி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், காலியா இருந்தா கரண்ட் வர்ற மாதிரி வெச்சிருக்கான். இத்தினி வருஷமா அப்டியேதான் ஓடியிருக்கு. சும்மா வெச்சிருக்க மாட்டான்."

"பழைய மெஷின் அந்தோணி. வர்ற வழியில யாராவது கழட்டி மாட்டியிருப்பாங்க."

"நீங்க சொல்றீங்க, நான் மாத்துறேன். நாளைக்கு எலக்ட்ரீஷியன் தப்பா மாட்டிட்டான்னு வரக் கூடாது."

"வராது" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்.

கம்பியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. காலியாக இருந்தால் கை ஓடியது, நாற்காலியை வைத்தால் நின்றது. மறுபடியும் ஜாங்கிரி.

நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது செல்வி வந்தார். கூண்டுக்கு வெளியே பெட்டி ஒன்றில் நாலைந்து விளக்குகள் உண்டு. அதில் ஒரு பச்சை விளக்கைக் காட்டினார். அந்தச் சென்சாரில் கரண்ட் வரும்போது எரியும் விளக்கு அது. அதன் கீழே தகட்டில் 'பெர்சோன்' என்று பிரெஞ்சில் பொறித்திருந்தது.

"மேடம், ஒரு டவுட்டு. இந்த லைட்டு முன்னாடில்லாம் உள்ள ஆளு இல்லாதப்பதான் எரியும். இப்ப நான் உள்ள போனா எரியுது."

"இப்பதாம்மா சரி. கீழ என்ன எழுதியிருக்கு? பெர்சோன். பிரெஞ்சுல பெர்சோன்னா ஆளுன்னு அர்த்தம். ஆளு உள்ள இருந்தா எரியணும் இல்ல?"

"எனக்குத் தெரிஞ்ச பெர்சோன் வேற மாதிரியா இருக்கே மேடம்."

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"அதெல்லாம் எங்க மேடம். ஒண்ணு ரெண்டு வார்த்த."

நான் சிரித்தேன். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புதான். ஆனால் அதுதான் மோசம். அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில் அங்கிருந்து போன் வந்தது. பெட்டி ஒன்று சிக்கியிருக்கிறது. செல்வி வழக்கம்போலக் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். கையும் ஒழுங்காக நின்றிருக்கிறது. பெட்டியை இழுத்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்த நேரத்தில் கை புறப்பட்டு வந்துவிட்டது. பெல்ட்டின் மறுபக்கம் நின்ற பெண் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்திருக்கிறார். கை செல்வியின் நெஞ்சுக்கு நேராக இருந்த பெட்டியை நசுக்கி, அவரை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. இடது தோள் கன்றிப்போனதோடு தப்பினார். பெட்டி மட்டும் குறுக்கே இல்லையென்றால் என்னவாகியிருக்கும் என்று நான் முழுதாக நினைத்துப் பார்த்ததே இல்லை. பாதி நினைக்கும்போதே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

மறுநாள் காலை விசாரணை. ஒரு மேசையைச் சுற்றி தொழிற்சாலையின் மேலாளர், எங்கள் முதலாளி, அந்தோணி, செல்வி, நான். என் மடிக்கணினியில் லாக் இருந்தது, அதாவது இயந்திரம் நொடிக்கு நொடி எழுதி வைக்கும் குறிப்பு. மேலாளர் அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கதவு திறந்தது. உள்ளே ஆள் இருக்கிறார். உள்ளே ஆள் இருக்கிறார். பிறகு, கை புறப்படுவதற்குச் சற்று முன்னால், உள்ளே ஆள் இல்லை.

"அப்பன்னா வெளிய வந்துட்டு, கதவு வழியா வராம, கம்பிக்குக் கீழ குனிஞ்சு, சென்சார் கண்ணுல படாம மறுபடி உள்ள போயிருக்காங்க" என்றார் மேலாளர். அப்படிச் சென்சாரை ஏமாற்றிவிட்டு உள்ளே போனால் வேலையை விட்டு எடுத்துவிடுவது அங்கே விதி. சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"நான் வெளியவே வரல சார்" என்றார் செல்வி.

மேலாளர் என்னைப் பார்த்தார். "மேடம், லாக்கு தப்பா இருக்குமா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லாக்கு பொய் சொல்லாது சார்."

செல்வி என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"மேடம், அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க சிரிச்சிட்டு போயிட்டீங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு மதாம் வீட்ல வேல செஞ்சேன். பிரெஞ்சு டீச்சர் அவங்க. அவங்க வெளிய போயிருக்கறப்ப வெள்ளக்காரங்க யாராச்சும் வந்து கதவத் தட்டி 'இல்லியா கெல்கன்'னு கேப்பாங்க. யாராச்சும் இருக்கீங்களான்னு அர்த்தமாம். இல்லியான்றது தமிழ்தான்னு ரொம்ப நாளா நெனச்சினு இருந்தேன். அப்டி கேட்டா பெர்சோன்னு சொல்லிடுன்னு மதாம் சொல்லிக் குடுத்தாங்க. நானும் சொல்லுவேன். ஒடனே திரும்பிப் போயிடுவாங்க. ஒருத்தருகூட உள்ள வந்ததில்ல. பெர்சோன்னா ஆளு இருக்குன்னு அர்த்தம்னா, அவங்க ஏன் மேடம் திரும்பிப் போறாங்க?"

ஐந்து வருடம் படித்த பிரெஞ்சு எல்லாம் ஒரே நொடியில் தலையில் வந்து இறங்கியது. 'யூன் பெர்சோன்' என்றால் ஓர் ஆள். முன்னால் எதுவும் இல்லாமல் பெர்சோன் தனியாக நின்றால், யாரும் இல்லை. சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கிய பாடம். அன்று எனக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் அவகாசம் கேட்டேன். ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, துபாஷி தொடாத அசல் ஹெடர் ஃபைலைத் திறந்தேன். நான் கழற்றி எறியச் சொன்ன குறிப்பு அங்கே இருந்தது. இந்த முறை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 'கூண்டில் யாரும் இல்லையென்றால் ஒன்று. ஆள் இருந்தாலோ, கம்பி அறுந்தாலோ பூஜ்யம்.' அவ்வளவுதான், இரண்டே வரி.

அந்த மனிதர் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் பாருங்கள். கூண்டு காலி என்பதற்குத்தான் கரண்ட் வர வேண்டும். கம்பி கழன்றாலும் கரண்ட் வராது. கரண்ட் வராவிட்டால் ஆள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும். நான் அர்த்தத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அதற்கு ஏற்றாற்போல் கம்பியையும் தலைகீழாக மாற்றவைத்தேன். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரிந்தது. கம்பி நல்லபடியாக இருக்கும்வரை சரிதான். அது கழன்றால், உள்ளே யார் நின்றாலும், யாரும் இல்லை.

அந்தோணியைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தேன். சென்சாரில் கம்பியைப் பிடித்திருக்கும் இணைப்பான் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்து, விரலால் தொட்டால் ஆடியது.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கதவருகே எங்கள் முதலாளி நின்றிருந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "இணைப்பான் லூசாயிருக்குன்னு சொல்லிடுங்க மேடம். அது உண்மைதானே? அந்தம்மா வேலையும் தப்பிச்சிரும், நம்ம பேரும் தப்பிச்சிரும். நீங்க புரோகிராமைச் சத்தமில்லாம மாத்திக்குங்க" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ரொம்பவே பிடித்திருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செல்வி பிழைப்பார், என் பிரெஞ்சும் பிழைக்கும். உள்ளே போய் உட்கார்ந்து, "இணைப்பான் தளர்ந்திருக்கு சார், அதனாலதான் லாக்கு தப்பாயிடுச்சு" என்று சொல்லியும் விட்டேன். மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அந்தோணியின் பக்கம் திரும்பினார். "கம்பிய மாத்தி மாட்டினது நீதானே? டைட்டா மாட்ட மாட்டியா?"

அந்தோணி என்னைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேனோ என்னவோ.

பாதி உண்மையின் லட்சணம் அதுதான். பழி ஒரு தலையிலிருந்து இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் ஏறிக்கொள்ளும். என் தலைக்கு மட்டும் வராது. எனக்கு அவமானமாக இருந்தது. "சார், கம்பிய மாத்தச் சொன்னது நான். வேணாம்னு அவர் சொன்னார், நான் கேக்கல. மாத்தாம இருந்திருந்தா இணைப்பான் கழண்டாலும் மெஷின் நின்னிருக்கும்" என்றேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொற்பட்டியல், அகராதி பார்க்காதது, கழற்றி எறிந்த குறிப்பு, செல்வி வந்து சொன்னபோது நான் சிரித்தது, எல்லாம். முதலாளி பக்கம் நான் திரும்பவில்லை.

"இதை எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர். "தமிழ்லயே எழுதுங்க. அந்தம்மாவும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

எழுதினேன். செல்வி அதை வாங்கி, விரலை வரிக்கு அடியில் வைத்து நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "'இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டது'ன்னு போட்டிருக்கீங்க. மெஷினா மேடம்?"

அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதினேன். அவர் மீதியையும் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வெளியில நின்னு, யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டாங்க. கதவத் திறந்துக்கிட்டு ஒரு பொண்ணு நின்னு, யாரும் இல்லன்னு சொல்லியிருக்கு. அவங்களும் சரின்னு போயிருக்காங்க. அது எப்படி?" செல்வி கண்ணெதிரே இருக்கும்போதே யாரும் இல்லை என்று முடிவு செய்த இரண்டாவது இடம் என் நிரல் என்று எனக்குத் தோன்றியது.

துபாஷியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெயர் மாற்றும் பகுதியை வெட்டி எறிந்தேன். இன்று பிரெஞ்சுப் பெயரோ ஜப்பானியப் பெயரோ அப்படியே உங்கள் திரையில் வந்து நிற்கிறதே, உச்சரிக்க முடியவில்லை என்று திட்டுகிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். அசல் குறிப்புகளை ஒரு வரி விடாமல் கூடவே எடுத்து வரும்படியும் செய்தேன். எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் கொண்டுபோய்ச் சேர்க்கத் துபாஷிக்குத் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும். ஒன்று என்றால் 'ஆமாம்' என்பது வரைக்கும்கூடச் சரி. எதற்கு ஆமாம் என்பது அதற்குத் தெரியாது. அதை அந்த இயந்திரத்தின் பக்கத்தில் தினமும் நிற்கிறவரிடம் போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு சிரிக்காதீர்கள்.

ஆனால் அந்த நாள் கையெழுத்தோடு முடிந்துவிடவில்லை. அந்தோணி மத்தியானமே கம்பியைப் பழைய முனைக்கு மாற்றி, புது இணைப்பான் போட்டு இறுக்கினார். நான் நிரலைத் திருத்தினேன். நாற்காலியை வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஷிப்ட் தொடங்கும் நேரம். மேலாளர், "போம்மா, ஒரு பெட்டி விழுந்து கெடக்குது பாரு" என்றார்.

செல்வி கூண்டுக் கதவுவரை போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"சரி பண்ணிட்டாங்கம்மா" என்றார் மேலாளர்.

"போன தடவயும் சரி பண்ணிட்டோம்னுதான் சார் சொன்னாங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க உள்ள போய் நில்லுங்க. அந்தோணி அண்ணன் கம்பியப் பிடுங்கட்டும். நான் பாக்குறேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளரும் சங்கடமாகச் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே போனால்தான் தெரிகிறது அந்தக் கை எவ்வளவு பெரியது என்று. இத்தனை நாளும் அதைக் கூண்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தேன். எண்ணெய் வாடை அடித்தது.

"பிடுங்குங்கண்ணே" என்றார் செல்வி.

அந்தோணி பிடுங்கினார். தலைக்கு மேலே எங்கோ 'டக்' என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ."

மாட்டினார், பிடுங்கினார். கை அசையவில்லை.

"இன்னொரு தடவண்ணே."

ஏழு தடவை. என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் சோதனைகள் எழுதியிருக்கிறேன். உள்ளே நின்றுகொண்டு செய்தது இது ஒன்றுதான். ஏழாவது தடவைக்குப் பிறகு செல்வி இன்னொரு தடவை என்று சொல்லவில்லை. தோள் வலியோடு குனிந்து கூண்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நகருங்க மேடம்" என்றார், "பெட்டிய எடுக்கணும்."